துவைக்காத சட்டை

கையுறைகள் காய்ந்துவிட்டிருந்தன. நர்சிங் ஹோமின் பின்கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சாத்தி வைத்திருக்கும் சுவரோரம், கொடியில் தொங்கிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக உருவி வாயருகே பிடித்து ஊதிப் பார்த்தாள் பெர்சிஸ். ஓட்டை விழுந்தவை ஒரு பக்கம், தேறியவை ஒரு பக்கம். தேறியவற்றுக்குள் பவுடர் தூவி, விரல் விரலாக நீவி, ஜோடி சேர்த்து, ஆவியில் வைக்கும் டிரம்மில் அடுக்க வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறியச் சொல்லித்தான் பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. அதை அச்சடித்தவன் இந்த நர்சிங் ஹோமைப் பார்த்ததில்லை.

காற்று பாலாற்றுப் பக்கமிருந்து வீசியது. தோல் பதனிடும் டேனரிகளின் வாடை அதோடு வந்தது. ஆம்பூர் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு வாடையே இல்லை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் மூக்கைப் பொத்தும்போதுதான் இப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

"இன்னைக்கு டாக்டர் மூட் நல்லா இருக்குது" என்றபடி வந்தாள் சிஸ்டர் இன்சார்ஜ் தேவகிருபை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தாள். வாழ்நாள் பூராவும் வார்டில் நின்ற கால்கள். "ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்டுடு. நானும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேன்."

"கொடுப்பாரா சிஸ்டர்? போன தடவை மொறைச்சாரே."

"கொடுப்பாரு. வாயைத் தொறக்காம வேலை பாக்கறவளுக்குக் கொடுக்காம பின்ன யாருக்குக் கொடுப்பாரு? சவுதி போற வழியப் பாரு. இங்கயே கெடந்தின்னா என்னைமாதிரி நரம்பு சுருட்டிக்கினு நிக்க வேண்டியதுதான்."

சென்னையில் நேர்முகத் தேர்வு. சவுதி ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள். வேலை பார்த்த இடத்தின் சான்றிதழ் இல்லாமல் வாசல் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள். பெர்சிஸின் அப்பா எலியாஸ் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் குனிந்து குனிந்தே முதுகு போய் வீட்டில் படுத்திருந்தார். தங்கை ஃபீபி இந்த வருஷம் பிளஸ் டூ. இந்தக் குடும்பம் நிமிர்வதற்கு ஒரே வழி அந்தக் காகிதம்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ராத்திரி ஜெபத்தில்கூட அம்மா சவுதியைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பின் கேட்டில் ஹாரன் அடித்தது. கேட்டைத் திறந்தாள் பெர்சிஸ். டேனரி கம்பெனி வேன். நோயாளிகள் முன்வாசல் வழியாக வருவார்கள். பின் கேட் சிலிண்டருக்கும் அழுக்குத் துணிக்கும். அன்றைக்கு அந்த வழியாக ஒரு மனிதனைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு தொழிலாளர்கள் தூக்கி வந்தார்கள். இரண்டு பேரும் இடுப்புவரை நனைந்திருந்தார்கள். தூக்கிவரப்பட்டவன் தலையிலிருந்து கால்வரை கறுப்புச் சேறு. அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. ஊர் வாடைக்குப் பழகிய பெர்சிஸுக்கே குமட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே இறங்கினார் கம்பெனியின் லேபர் ஆபீசர் தேவசகாயம். அவர் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

டாக்டர் வந்தார். கழுத்தில் இரண்டு விரலை வைத்தார், எடுத்தார். ஸ்டெதாஸ்கோப் தோளிலேயே தொங்கியது. தேவசகாயத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ட்ரிப் போடு சிஸ்டர்."

பெர்சிஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இமையை விலக்கி டார்ச் அடித்தாள். "சார், பல்ஸ் இல்ல. கண்ணு வெளிச்சத்துக்குச் சுருங்கல."

"உன்னை நான் கேட்டனா? ட்ரிப் போடு."

கை தானாகவே வேலை செய்தது. அவசரத்தில் டாக்டரை எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் அந்தக் கைகளைப் பழக்கியிருந்தார்கள். சேற்றைத் துடைத்து ஊசியை ஏற்றினாள். ரத்தம் திரும்பி வரவில்லை. பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். சலைன் பாட்டில் ஸ்டாண்டில் தொங்கியது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடுத்து நெஞ்சை அழுத்தச் சொல்வார் என்று இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தயாராக வைத்தாள்.

"அதெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் புறநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

தூக்கிவந்த இருவரும் சுவரோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எங்கண்ணா விழுந்தாரு?" என்று பெர்சிஸ் கேட்டாள். ஒருவன் வாயைத் திறந்தான். "நீங்க ரெண்டு பேரும் வேன்ல ஏறுங்க" என்றார் தேவசகாயம். திறந்த வாய் மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆள் இறந்துவிட்டான், சுத்தம் பண்ணி ரெடி பண்ணுங்கள், சொந்தக்காரர்கள் வருகிறார்கள்.

பெர்சிஸும் வார்டு உதவியாள் நசீமுன்னிசாவும் ஸ்கிரீனை இழுத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். சட்டை, லுங்கி, பனியன் எல்லாவற்றையும் கழற்றி ஒரு ஓட்டை மக்கிண்டோஷ் ரப்பர் ஷீட்டில் சுருட்டி டிரெசிங் ரூம் மூலையில் வைத்தாள். வெந்நீரில் டெட்டால் கலந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தபோது இதை ஒரு பாடமாகவே நடத்தியிருந்தார்கள். உயிர் போனாலும் அவர் உன் நோயாளிதான்; உன் கூடப் பிறந்தவனைக் கழுவுகிற மாதிரி கழுவு. மற்ற பாடங்களில் பெர்சிஸ் சுமார். இதில் மட்டும் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை.

முகத்திலிருந்து ஆரம்பித்தாள். மூக்குத் துவாரம் இரண்டிலும் சேறு அடைத்திருந்தது. பஞ்சை முறுக்கி உள்ளே விட்டுச் சுழற்றிச் சுழற்றி எடுத்தாள். வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். காது மடிப்பு, கழுத்து மடிப்பு, நகக்கண் எதையும் விடவில்லை. தலைக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டாள். கறுப்புத் தண்ணீர் தரையில் ஓடி மூலைத் துவாரத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது.

"போதும் மா" என்றாள் நசீமுன்னிசா. "மய்யித்துக்கு இவ்ளோ யாரும் பண்ண மாட்டாங்கோ."

"பொண்டாட்டி வருவாங்க நசீமாக்கா. இந்தக் கோலத்துல அவரைப் பாக்கக் கூடாது."

ஸ்கிரீனுக்கு வெளியே இருமல் சத்தம். தேவசகாயம் ஒரு ஜவுளிக்கடைக் கவரை நீட்டினார். உள்ளே புது வேட்டி, புது பனியன். "நல்லா சுத்தமா பண்ணுங்க சிஸ்டர். தலையெல்லாம் நல்லாக் கழுவிடுங்க. பாவம், நல்ல தொழிலாளி."

இவ்வளவு சீக்கிரம் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாரே, இப்படியும் ஒரு ஆபீசரா என்று பெர்சிஸுக்கு மனசு இளகியது. வேட்டியைக் கட்டி, பவுடர் போட்டு, தலையை வாரிவிட்டாள். கட்டிலில் கிடந்தவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவனைப்போல இருந்தான். கையில் ஊசி, மேலே பாட்டில். அதை மட்டும் கழற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இறந்தவனின் மனைவி செண்பகம் வந்தாள். மாதனூர் பக்கத்துக் கிராமம். கூட அவள் கொழுந்தனும் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும். வழி நெடுக அழுது தொண்டை கட்டியிருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"தோல் ஊறப்போடற டிரம் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு, நெஞ்சு வலின்னாரு" என்றார் தேவசகாயம். "உடனே தூக்கினு வந்துட்டோம். டாக்டர் எவ்வளவோ போராடிப் பாத்தாரு."

"சிவியர் ஹார்ட் அட்டாக் மா" என்றார் டாக்டர், பாட்டிலைக் காட்டி. "ட்ரிப் ஏத்தினோம். உடம்பு ஒத்துழைக்கல."

பெர்சிஸ் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. காலையில் மாட்டியபோது இருந்த அளவில் ஒரு துளி குறையவில்லை.

செண்பகம் எழுந்து புருஷனின் முகத்தின்மேல் குனிந்தாள். முத்தம் கொடுக்கப்போகிறாள் என்று எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் மோந்து பார்த்தாள். கழுத்தில், கக்கத்தில், தலைமுடிக்குள் மூக்கை நுழைத்து மோந்தாள்.

"இன்னா இது?" என்றாள். "எங்க போச்சு?"

"எது மா?"

"நாத்தம். கண்ணாலம் ஆன நாளா இந்த மனுசன் நாத்தத்தோடதான் படுத்து எழுந்தேன். பொங்கலுக்கு எண்ணெய் தேச்சிக் குளிச்சாலும் போவாது. சோப்பு கரைஞ்சிடும், நாத்தம் போவாது. வேலையில இருந்தவரு எப்படி இப்படி மணக்கிறாரு? யாரு குளிப்பாட்டினது?"

செண்பகத்தின் கண் பெர்சிஸின் ஈரமான ஏப்ரனில் வந்து நின்றது. அதில் சேறு கறுப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தது.

"நீயாம்மா? சொல்லு. எப்படி இருந்தாரு? எந்த எடத்துல இருந்தாரு?"

"சிஸ்டர், உள்ள போ" என்றாள் தேவகிருபை. தோளைப் பிடித்துத் திருப்பி, டிரெசிங் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பெர்சிஸ் சுவரில் சாய்ந்தாள். ஆற்றில் கழிவை விடக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்த பிறகு எல்லா டேனரியிலும் கழிவுத் தொட்டி கட்டிவிட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனதாகக்கூடச் சொன்னார்கள். தொட்டி கட்டத் தெரிந்தது. அதற்குள் இறங்குகிறவனுக்கு ஒரு முகமூடி வாங்கத் தெரியவில்லை. விஷவாயு அடித்து மூச்சு முட்டிச் சேற்றுக்குள் விழுந்து செத்தவன் அவன். மூக்கிலும் வாயிலும் அது அப்படியே இருந்தது. அதைப் பஞ்சு முறுக்கி வழித்து, தண்ணீர் ஊற்றித் துவாரத்தில் தள்ளியவள் அவள்தான். அவர்கள் சொன்னதற்காகக்கூட இல்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்று செய்தாள். புது வேட்டி எதற்கு அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று இப்போது புரிந்தது. அந்த ஆளை நல்லவர் என்று வேறு நினைத்தாளே!

"கேளு" என்றாள் தேவகிருபை, தாழ்ந்த குரலில். "கம்பெனி கேஸ் எல்லாம் நம்ம கிட்டதான் வருது. அத நிறுத்திட்டா இந்தக் கட்டடமே இல்ல. இதெல்லாம் பாக்கறதுக்கு நமக்குச் சம்பளம் இல்ல. நர்ஸ் வேலைல மேல வரணும்னா எதப் பாக்கணும், எதப் பாக்கக் கூடாதுன்னு தெரியணும். அதத் தெரிஞ்சிக்கினவ சவுதியில இருக்கா. தெரியாதவ வீட்ல இருக்கா."

"அவங்க என்னைத்தான் கேட்டாங்க சிஸ்டர்."

"கேப்பாங்க. அழுவாங்க. ரெண்டு நாள்ல அடங்கிடும். உன் வேலை போச்சுன்னா அடங்குமா? அப்பா முதுகு நிமிருமா?" தேவகிருபையின் குரலில் கோபம் இல்லை. நிஜமான அக்கறைதான் இருந்தது. அதுதான் பெர்சிஸுக்குத் தாங்கவில்லை. "அந்தத் துணிய நசீமாகிட்ட கொடுத்து பின்னாடி எரிச்சிடச் சொல்லு. சர்டிபிகேட்டுக்கு நான் கையெழுத்து வாங்கித் தர்றேன். இன்னைக்கே."

அவள் போனதும் நசீமுன்னிசா மண்ணெண்ணெய் டின்னோடு வந்தாள். மூலையிலிருந்த துணிச் சுருட்டைத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். "எங்கூட்டுக்காரரும் டேனரிலதான் மா இருந்தாரு" என்றாள்.

நோயாளி உடுத்தி வந்தது எதுவானாலும் அவருடைய ஆட்கள் கையில் சேர்க்க வேண்டும். இதுவும் படித்ததுதான். பெர்சிஸ் சுருட்டை வாங்கி இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கால்களை இழுத்துக்கொண்டார்கள்.

உடலை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனின் தோளில் கை போட்டு தேவசகாயம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பெர்சிஸ் நேராகச் செண்பகத்திடம் போனாள்.

"அக்கா, இது அண்ணன் போட்டுக்கினு வந்த துணி. தொட்டியில இருந்துதான் தூக்கினு வந்தாங்க. வரும்போதே உசுரு இல்ல. மூக்கு வாயெல்லாம் சேறு. நான்தான் கழுவினேன், தெரியாமக் கழுவிட்டேன். இதத் துவைக்காதீங்க, யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க. நேரா ஸ்டேஷன்ல கொடுங்க. எரிக்கறதுக்கு முன்னாடி போஸ்ட்மார்ட்டம் கேளுங்க. உள்ள இருக்கறத யாரும் கழுவ முடியாது."

செண்பகம் சுருட்டைப் பிரித்து முகத்தைப் புதைத்தாள். அடங்கியிருந்த அழுகை மறுபடியும் வந்தது. அவள் தேடிய நாற்றம் அதில்தான் இருந்தது.

"சிஸ்டருக்கு உடம்பு சரியில்ல போல" என்று சிரித்தார் தேவசகாயம். டாக்டர் சிரிக்கவில்லை. "நீ கிளம்பு" என்றார் பெர்சிஸைப் பார்த்து. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத." அவருக்குப் பின்னால் நின்ற தேவகிருபை கண்களை மூடிக்கொண்டாள்.

"தம்பி, நான் வர்றவரைக்கும் எடுக்கக் கூடாது" என்று கொழுந்தனிடம் கத்தினாள் செண்பகம். வேன் கிளம்பிவிட்டது. அவனுக்குக் கேட்டதோ இல்லையோ.

செண்பகமும் பெர்சிஸும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ஒரு ஆட்டோக்காரன் ஏற்றிக்கொள்ள நிறுத்தி, நாற்றம் பட்டதும் போய்விட்டான். வெயிலில் பெர்சிஸின் வெள்ளைத் தொப்பி இன்னும் தலையிலேயே இருந்தது. எடுக்க மறந்துபோயிருந்தாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். படியேறும்போதே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"ஏம்மா ஏய், இன்னா அது? அங்கயே நில்லு, அங்கயே நில்லு."

செண்பகம் வாசல்படியில் நின்றே சொன்னாள். தொட்டி, சேறு, நாற்றம் எல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். இடையிடையே பெர்சிஸ் ஒழுங்குபடுத்தினாள். "நான் நர்ஸ் சார். அவரைக் கொண்டாந்தப்ப நான்தான் டியூட்டியில இருந்தேன். உசுரு இல்லாத ஆளுக்கு என்னை ட்ரிப் போடச் சொன்னாங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். சீக்கிரம் எழுதுங்க சார், அங்க எரிச்சிடுவாங்க."

"எந்த ஆஸ்பத்திரி? உம் பேரு இன்னா?"

சொன்னாள். ரைட்டர் போனைச் சுழற்றினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க சார், சரிங்க சார்" என்று வைத்தார். பெர்சிஸின் வெள்ளைச் சீருடையை, தொப்பியை, இடுப்பில் குத்தியிருந்த கத்தரிக்கோலைப் பொறுமையாகப் பார்த்தார்.

"பெர்சிஸ்னு யாரும் அங்க வேலை பாத்ததே இல்லைங்கறாங்களே."

பகலும் ராத்திரியுமாக அவள் தூக்கிய பெட்பான்களும், ஏந்திய குழந்தைகளும், ஊதிப் பார்த்த கையுறைகளும் ஒரு போன் பேச்சில் இல்லாமல் போய்விட்டன. சர்டிபிகேட் கிடைக்காது என்று தெரிந்துதான் வந்திருந்தாள். வேலை பார்த்ததே பொய்யாகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"என் டிரஸ்ஸப் பாருங்க சார்! இதுல இருக்கற கறையப் பாருங்க!"

"கத்தாத. டாக்டர் ஹார்ட் அட்டாக்னு எழுதிட்டாரு. கூடப் பொறந்தவனே ஒத்துக்கினு பாடிய எடுத்துட்டுப் போய்ட்டான். நீ யாரு நடுவுல? சும்மா பேஜார் பண்ணாத."

"இத வாங்கிக்கங்க சார்" என்று செண்பகம் சுருட்டை மேஜையை நோக்கி நீட்டினாள். "இத வாங்கி வெச்சிக்கினாப் போதும். அவரு எங்க செத்தாருன்னு இதுவே சொல்லும்."

ரைட்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இந்த நாத்தத்தோட உள்ள எங்க வெக்கறது? ஐயா வந்தா என்னைத்தான் ஏறுவாரு. கம்ப்ளெயின்ட் கொடுக்கணும்னா கொடு, வேணாங்கல. ஆனா ஸ்டேஷனுக்குன்னு ஒரு மொறை இருக்குது." ஜன்னல் வழியாகக் காம்பவுண்டு மூலையைக் காட்டினார். "அதோ பைப்பு. நல்லாத் துவைச்சி, காய வெச்சி, சுத்தமா மடிச்சி எடுத்துனு வா. வாங்கிக்கிறேன்."

அவர்கள் பைப்படியில் போய் உட்கார்ந்தார்கள். செண்பகம் சுருட்டை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். அதிலிருந்து கசிந்த கறுப்பு அவள் புடவையில் பரவியது. பெர்சிஸ் எழுந்து, சொட்டிக்கொண்டிருந்த பைப்பை இறுக்கி மூடினாள். மறுபடியும் சொட்டியது. வெயில் மதிலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மாதனூர் பக்கம் இந்நேரம் விறகு அடுக்கியிருப்பார்கள்.

உள்ளேயிருந்து ஒரு வயசான கான்ஸ்டபிள் வந்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். சத்தம் போடாமல், ஒரு புது பார் சோப்பை அவர்கள் பக்கத்தில் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.